தலைவர் வீட்டுக் கையாலை

சர்வேயர் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் சுந்தரராஜ் ஏழு மணிக்கே வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கட்டன் சாயாவுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். பஞ்சாயத்துத் தலைவராகி மூன்று வருடம் ஆகிறது, இன்னும் முதல் நாள் மாதிரிதான். நானோ அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

கருங்கல் ஊர்ப் பக்கத்திலிருந்து இந்தப் பொற்றைக் குன்றுக்கு நாங்கள் ஏறி வந்தது நாற்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால். அப்போது இங்கே முள்ளும் பாறையும் காட்டுப்பன்றியும்தான். முதல் குடி நாங்கள். பிறகு வந்தவர்களுக்குப் பட்டா வாங்கித் தந்தது, கரண்டு கொண்டுவந்தது, ரேஷன் கடை வரவைத்தது எல்லாம் இவர்தான். தக்கலை ஆபீசுக்கு நடந்து நடந்து இவருக்குத் தேய்ந்த செருப்புகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கடையே போட்டிருக்கலாம். சும்மா சொல்லவில்லை, இப்படி ஒரு மனிதனைக் கட்டியதில் எனக்குப் பெருமை உண்டு. போன வருடம் இங்கே குடியிருக்கிற முத்துக்கனிக்குப் பேறுவலி வந்து, நாற்காலியில் வைத்துக் கட்டி நான்கு பேர் சுமந்து இறக்கினார்கள். ஆம்புலன்ஸ் கீழேயே நின்றது. இந்த ஒற்றையடிப் பாதையை ரோடாக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று அன்றைக்கு இவர் சொன்னார். ரோடும் அனுமதியாகிவிட்டது.

போன கிராம சபையில், தேர்தலில் தோற்ற குமாரதாஸ் எழுந்து, ரோட்டுக்காக ஊரான் வேலியை எல்லாம் பிடுங்கச் சொல்கிற தலைவர் தன் வீட்டைச் சுற்றிய கல்மதிலை, அந்தக் கையாலையையும் அளக்கட்டும் என்றான். இவர் சிரித்தார். "அது எனக்க பெண்டாட்டி ஒத்தையில கெட்டுன கையாலையாக்கும். ஒரு சாண் வெளிய நிண்ணா நானே இடிச்சுத் தாறேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். பெண்கள் வரிசையில் நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு சாண் இல்லை. ஐந்து அடி.

வந்த முதல் வருடம் மரம் சாய்ந்து இவர் கால் ஒடிந்தது. இரண்டு மாதம் நெய்யூர் ஆசுபத்திரியில் கிடந்தார். பன்றி மரச்சீனிக் கிழங்கை முழுதும் குத்திப் போட்டுவிட்டது. வயிற்றில் என் மகன் அபின், ஆறு மாதம். எல்லைக்கு வெளியே, பாதையோரத்தில் ஒரு பிலாவு மரம் பலாக்காயாய்க் காய்த்து நின்றது. அதன் காயைத் தின்றுதான் இரண்டு மாதமும் பிழைத்தேன். நாளை யாராவது வந்து என் மரம் என்று சொன்னால் என்ன செய்வேன்? கல் சுமந்து, செம்மண் குழைத்து, மரத்தை உள்ளே வளைத்துக் கையாலையைக் கட்டினேன். கம்பூன்றித் திரும்பி வந்தவர் எல்லைக் கல்லைத் தேடவில்லை, கையாலையைத்தான் தடவித் தடவிப் பார்த்தார். மேடை கிடைத்த இடமெல்லாம் அதைச் சொன்னார். சொல்லச் சொல்ல எனக்கு வாய் அடைத்துப்போனது.

சர்வேயர் வருகிற அன்று காலை சாயாவை வைத்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இவர் சாயாவைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இறங்கிப் போனார். நாற்பது வருடத்தில் இவர் தம்ளர் கழுவி நான் பார்த்ததில்லை.

ஊரே பாதையில் நின்றது. சர்வேயர் சங்கிலியை இழுத்தார், வரைபடத்தைப் பார்த்தார், மறுபடியும் இழுத்தார். தயங்கித் தயங்கி, கையாலை பாதைக்குள் ஐந்தடி வந்திருக்கிறது என்றார். பிலாவு ரோட்டோரத்தில் வெளியே நிற்கும், அதை வெட்ட வேண்டாம், கையாலை மட்டும் போக வேண்டும். குமாரதாஸ் மீசையைத் தடவினான்.

இவர் தொண்டையைச் செருமினார். "தப்பு எனக்கதாக்கும். இத நாந்தான் கெட்டுனேன். பெண்டாட்டி கெட்டுனான்னு இத்தற காலம் சும்மா பெருமைக்குச் சொன்னேன்."

என்னைக் காப்பாற்றுகிறாராம்! எனக்கு உச்சந்தலைவரை சூடேறியது. வயிற்றுப் பிள்ளையோடு நான் சுமந்த கல்லை ஒரு வார்த்தையில் இவர் பேருக்கு மாற்றிவிட்டாரே. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"சாரே, அவரு அப்பம் ஆசுபத்திரியில கெடந்தாரு. கையாலையும் எனக்கது, களவும் எனக்கது. ரெண்டையும் வேற ஆளுக்குத் தரமாட்டேன்."

குமாரதாஸ் மீசையிலிருந்து கையை எடுத்தான். இவர் என்னைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதையை வெட்டிக்கொண்டு ஏறி வந்திருந்த ஜேசிபியின் டிரைவர் பிபினிடம், "இடிலே மக்கா" என்றார்.

பிபின் ஜேசிபியின் கையை நீட்டி ஒரு இடி இடித்தான். கொஞ்சம் செம்மண் உதிர்ந்தது. இரண்டாவது இடிக்கும் கல் அசையவில்லை. வண்டியைச் சற்றுப் பின்னால் எடுத்து, வாளிப் பல்லைக் கையாலையின் மேலே கொடுத்து முழு பலத்தோடு அமுக்கினான். இவர் மேடையில் நிற்பதுபோலத் தாடையைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"கெட்டுனது ஆராக்கும்?"

கையாலை அப்படியே நின்றது. ஜேசிபியின் பின்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு மெல்ல எழும்பின.