புள்ளிக்கோடு

இல்லாத மரத்துக்கு நான் போட்டிருந்த வட்டத்தை என்ஜினியர் பென்சிலால் இரண்டு முறை தட்டினார். "இது என்ன மரம்யா? நேத்து நேர்ல போய்ப் பாத்தேன். வெறும் புல்லுதான் கெடக்கு."

எங்கள் கோயில் பங்கின் புதிய கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளிக்கு வரைபடம் போடுவது என் வேலை. வகுப்பறைகள் பதினாறு, சிற்றாலயம் ஒன்று, திடல் ஒன்று. வெட்டக்கூடாத மரத்தை வட்டமாகக் காட்டினால் அதன்மேல் யாரும் எதுவும் கட்டமாட்டார்கள். அதனால்தான் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, மூலையில், அந்த வட்டம்.

அங்கே எங்கள் பிள்ளை கிடக்கிறான். நாற்பது நிமிடம் இருந்தான். "யார் வேணா தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்கலாம், சீக்கிரம்" என்றாள் நர்ஸ். முறைப்படி நடக்கட்டும் என்று நான் சாமியாரை அழைத்துவர ஓடினேன். திரும்பியபோது முறைக்கு வேலை இல்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குச் சுவருக்கு உள்ளே இடம் கொடுக்கவில்லை; பெயரும் இல்லை, சிலுவையும் இல்லை.

இப்போதைய பங்குத்தந்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகத்தான் கேட்டார். "பதிவேட்டப் பொரட்டிப் பாத்தேன்பா. அங்க யாரையும் அடக்கம் பண்ணதா எழுத்து இல்ல. இல்லாததுக்காகக் கமிட்டில நான் என்னன்னு பேச?"

"மரமும் இல்ல, பிள்ளையும் இல்ல. அப்ப எடம் காலிதானே?" பங்குத்தந்தை சொன்னதைக் கேட்டு என்ஜினியர் சிரித்தார். "பள்ளம் அந்தப் பக்கந்தான். செப்டிக் டேங்க அங்க தள்ளிடு."

வட்டத்தை நானே அழித்தேன். டேங்கையும் நானே வரைந்தேன், ஆறு மீட்டருக்கு மூன்று. மண்ணுக்குள் இருப்பதைப் புள்ளிக்கோட்டால் காட்டவேண்டும். நடுவில் 23 என்று எண் மட்டும். அது என்னவென்று ஓரத்துப் பட்டியலில் இருக்கும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வரைபடத்தைக் கோயில் வாசலில் ஒட்டினார்கள். பேசிப் பார்க்கிறேன் என்று மட்டும்தான் மனைவியிடம் சொல்லியிருந்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். பள்ளிக்கூடத்தைப் பார்க்கவே இல்லை. விரல் நேரே சுவர் மூலைக்குப் போனது.

"இது ஏங்க புள்ளி புள்ளியா இருக்கு?"

"மண்ணுக்குள்ள இருக்கறத அப்பிடித்தான் போடுவோம்."

வாயைப் பொத்திக்கொண்டாள். "போட்டுட்டீங்களா!" என் பக்கம் திரும்பாமலே, "இவ்ளோ பெருசா எதுக்கு? ஒரு முழந்தானே இருந்தான்" என்றாள்.

வரைபடத்தின் மறுகோடியில் நின்று என்ஜினியர் சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு என்று எண் வாரியாக எங்கள் பக்கம் நகர்ந்து வந்தார். அவள் விரல் ஒரு புள்ளியையும் தவறவிடாமல் சுற்றி வந்துகொண்டிருந்தது.