மூத்த பிள்ளையின் பேர்

“யங்சுக் ஆர்? இப்பவே சொல்லுங்கோ.”

சிகரெட் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த அம்மா திரும்பவில்லை. அப்பாவைக் கட்டுவதற்கு முந்திய கதையை அம்மாவிடம் ஒருநாளும் கேட்கக்கூடாது என்று சித்தி ஹேஜினுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிவைத்திருந்தாள். அவளும் கேட்டதில்லை. இன்றைக்கு, தேவாலயத்துக்குப் போட்ட உடுப்பைக்கூட மாற்றாமல், கடைக்குள் நின்று கேட்டாள்.

கொரியப் பெண்கள் பிள்ளை பெற்றவளைப் பேர் சொல்லி அழைப்பதில்லை. மூத்த பிள்ளையின் பேருக்குப் பின்னால் ‘ஒம்மா’ சேர்த்துக் கூப்பிடுவார்கள். ஒம்மா என்றால் அம்மாதான். 1966இல் ரொறொன்ரோவுக்கு வந்ததிலிருந்து இந்தப் பத்து வருடமாக எல்லோருக்கும் அம்மா ‘ஹேஜின் ஒம்மா’. அவளுக்கென்று ஒரு பேர் இருப்பதே பலருக்குத் தெரியாது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் ஹேஜின். ஆனால் அவளுடைய திமிர் பட்டத்தால் வந்ததல்ல. பெற்றவள் தன் பேரை உடுத்திக்கொண்டு திரிகிறாள் என்பதால் வந்தது.

இன்று காலை, பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, போன கிழமை சியோலிலிருந்து வந்திறங்கிய ஒரு கிழவி மண்டபத்தின் அந்தத் தொங்கலில் நின்று “யங்சுக் ஒம்மா!” என்று கத்தினாள். அம்மா டக்கென்று திரும்பினாள். கோப்பையிலிருந்த தேத்தண்ணி சட்டையில் ஊற்றுப்பட்டது. அந்த வேகத்தைத்தான் ஹேஜினால் தாங்க முடியவில்லை. ‘ஹேஜின் ஒம்மா’ என்றால் அம்மா இரண்டாம் தரம்தான் திரும்புவாள். காது மந்தமாக்கும் என்று நினைத்து மகள் அவளை டாக்குத்தரிடம் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். காதில் ஒரு பழுதும் இல்லை என்று அந்த மனிதர் கையை விரித்துவிட்டார்.

“உன்ரை அக்கா,” என்றாள் அம்மா, சிகரெட் பெட்டிகளுக்குச் சொல்வதுபோல. “அவளின்ரை தேப்பன் யுத்தத்துக்குப் போனவர், திரும்பி வரேல்லை. பிள்ளை எங்கட ரத்தம், நீ வேணுமெண்டால் போய் வேறை கலியாணம் செய் எண்டு மாமியார் பறிச்சுப்போட்டா.”

“எவ்வளவு காலம் உங்களை அப்பிடிக் கூப்பிட்டவை?”

“ரண்டு வருசம்.”

“என்ரை பேரில இருபத்துமூண்டு வருசம். அதுக்குத்தான் காது கேக்கேல்லை, என்ன?”

அம்மா இன்னொரு பெட்டியை எடுத்து அடுக்கினாள். ஒரு நல்ல மகள் இந்த இடத்தில் அழுதிருப்பாள், தாயைக் கட்டிப்பிடித்திருப்பாள். ஹேஜினுக்கு அது தெரியும். ஆனால் நெஞ்சுக்குள் பற்றி எரிந்தது வேறு. இந்தக் கடையில் ஒருநாள் பால் பெட்டி தூக்காதவள், அம்மாவுக்காக ஆங்கிலத்தில் ஒருத்தரோடும் சண்டை பிடிக்காதவள், கண்ணால்கூடக் காணாத ஒருத்தி, எப்படி முதல் வரிசையில் போய்க் குந்தினாள்? தூரத்து வினிபெக் நகரில் ஒரு பள்ளிக்கூடம் ஹேஜினுக்கு வேலை தந்திருந்தது. அப்பாவும் இல்லாமல் அம்மா தனியே என்ன செய்வாள் என்று, நாளைக்குப் போன் எடுத்து வேண்டாம் என்று சொல்ல இருந்தாள்.

“என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. நான் பிறந்த அண்டைக்குச் சந்தோசப்பட்டனீங்களோ?”

அம்மா திரும்பினாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பேசாமல் இருக்கத்தான் தெரியும்.

“பயந்தனான். மற்றவளை மறந்துபோவனோ எண்டு.”

“மறக்கேல்லை. கெட்டிக்காரி!”

“ஹேஜின்...”

“வினிபெக் வேலையை எடுக்கப்போறன்.”

அம்மா கொழுக்கியில் தொங்கிய ஹேஜினின் கோட்டைப் பார்த்தாள்.

“அங்கை குளிர் கூட.”

“ஓம். கூடத்தான்.”

ஹேஜின் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்து கதவை அடித்துச் சாத்தினாள். கொலேஜ் தெருத் தண்டவாளத்தில் ஸ்ட்ரீட்கார் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. அதற்கு முன்னால் விறுவிறென்று கடந்து மற்றப் பக்கம் போனாள். ஸ்ட்ரீட்காரின் ஜன்னல்களுக்கு ஊடாகக் கடை துண்டு துண்டாகத் தெரிந்தது. ஐஸ்கிரீம் விளம்பரத்துக்குப் பக்கத்தில், கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அம்மா நின்றாள். அவளுடைய வாய் ஒருமுறை திறந்து மூடியது. ஏதோ ஒரு பேர். இரும்புச் சில்லுகளின் சத்தத்தில் எந்தப் பேர் என்று கேட்கவில்லை. ஹேஜின் நிற்காமல் நடந்தாள்.