அதுவே பாத்துக்கும்

சோம்பேறித்தனத்துக்கு நான் வைத்திருந்த பெயர் புத்திசாலித்தனம். பேருந்து முன்பதிவு கவுண்டருக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாக அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் என் அக்கா.

அவளுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. கண்ணாடி மாற்றியும் பிரயோஜனமில்லை. மேலாளருக்குத் தெரிந்தால் இடத்தைவிட்டுத் தூக்கிவிடுவார் என்று என்னிடம் மட்டும்தான் சொன்னாள். அவளுக்காகவே திரைக்கு இன்னொரு தோற்றம் செய்தேன்: மஞ்சள் பின்னணி, கொட்டை கொட்டையாகக் கறுப்பு எழுத்து. அது வந்தபிறகு ஒரு சீட்டுகூட மாறவில்லை.

புதுப் பதிப்பு உருவாக்கும்போது எந்தத் தோற்றம் என்று நான் குறிப்பிடுவதில்லை. உருவாக்கும் கணினியில் எது இருக்கிறதோ அதை மென்பொருளே எடுத்துக்கொள்ளும். என் கணினியில் பெரிய எழுத்து இருந்தது.

"எதுக்கும் அந்தப் பெரிய எழுத்தோட பேரை எழுதி வச்சிடேன்டா. ஒரு வரிதானே?" என்றாள், இதைக் கேட்ட அக்கா.

"எனக்கே பாடம் எடுக்காதக்கா. அதுவே பாத்துக்கும்."

போன மாதம் என் கணினி படுத்துவிட்டது. அலுவலகத்தின் பொதுக் கணினியில் புதுப் பதிப்பை உருவாக்கி அனுப்பினேன். அதில் பெரிய எழுத்தை யாரும் ஏற்றியிருக்கவில்லை. ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. வராதபடி எழுதிய மகராசனும் நானேதான். சாம்பல் நிறப் பொடியெழுத்தோடு அது கவுண்டருக்குப் போனது.

மறுநாள் காலை அக்கா மூன்று தடவை அழைத்தாள். மீட்டிங்கில் இருந்த நான் மூன்று தடவையும் துண்டித்தேன். அதற்குள் வரிசை வாசல்வரை நீண்டு, திரையில் மூக்கு உரச அவள் தேடுவதை மேலாளர் பின்னால் நின்று பார்த்துவிட்டார். ஒரு வரியைப் படிக்கச் சொன்னாராம். அவளால் முடியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை ஆணியில் மாட்டினாள்.

"பார்சல் கட்டுற இடத்துக்கு மாத்திட்டாங்க. அங்க படிக்க ஒண்ணுமில்லையாம்."

"என் தப்புக்கா."

"விடுடா. அதுவே பாத்துக்கும்னு சொன்னியே, பாத்துக்கிச்சு."

நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை. அப்போதே உட்கார்ந்து, பெரிய எழுத்தை ஏற்றி, அந்த ஒரு வரியை எழுதிக் கவுண்டருக்கு அனுப்பினேன். வரிக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பாவி, அந்த இரண்டு நிமிடத்தைத்தான் அவளுக்குக் கொடுக்காமல் இருந்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து, அக்காவின் நாற்காலிக்கு வந்த புதுப் பெண் போன் செய்தாள்.

"சார், எழுத்தெல்லாம் ரொம்பப் பெருசா கண்ணுல அடிக்குது. கொஞ்சம் சின்னதாக்கிக் குடுக்கறீங்களா?"

"சரிம்மா" என்றேன். எழுதிய வரியை அழித்துவிட்டு, பொடியெழுத்தின் பெயரை மறக்காமல் எழுதி வைத்தேன்.