முப்பத்தோராம் கம்பம்

12.02.1974, செவ்வாய். நேற்றைய பிழை: அம்மா மூன்று மைல் நடந்ததாக எழுதிவிட்டேன். சரியான தூரம் இரண்டு மைலும் இரண்டு கம்பமும். அம்மா பாதியில் திரும்பியதை நான் கவனிக்கவில்லை. ஏன் என்று கேட்கவுமில்லை.

எழுதியதைச் சறோஜினிதேவி இரண்டு தரம் வாசித்தாள். வீட்டிலிருந்து துறையடிவரை நாற்பத்தைந்து தந்திக் கம்பம், போய்வர மூன்று மைல். நாற்பத்தைந்தில் முப்பத்தொன்று பாதி ஆகாது. 'பாதியில்' என்ற சொல்லை வெட்டிவிட்டு 'முப்பத்தோராம் கம்பத்தடியில்' என்று மேலே எழுதினாள். பின்னேரத் தட்டெழுத்து வகுப்பின் ஆசிரியர் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு அது. நாட்குறிப்பு நேற்றைய பிழையோடு தொடங்க வேண்டும், நாளைய வேலையோடு முடிய வேண்டும். வகுப்பில் மற்றப் பெண்கள் ஒரு கிழமையில் அதைக் கைவிட்டார்கள். அவள் ஏழு மாதமாக எழுதுகிறாள். திகதி சரிதானா என்று இன்னமும் கலண்டரைப் பார்த்துத்தான் எழுதுகிறாள்.

அதே ஏழு மாதத்துக்கு முன்தான் அவளுடைய தாய் சிவக்கொழுந்துக்குச் சலரோகம், நீரிழிவு, என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். தாதி மாக்கிறேற் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு, "மருந்து பாதி, நடை பாதி. நாளுக்கு மூண்டு மைல் நடவுங்கோ" என்றாள்.

"மூண்டு மைலோ? எங்கை போறது?"

"எங்கையும் போகவேண்டாம் அக்கா. நடந்தால் சரி."

"எங்கையும் போகாமல் எப்பிடி நடக்கிறது?" என்று சிவக்கொழுந்து கேட்டாள். பகிடியாகக் கேட்கவில்லை. நாற்பத்தேழு வயதுக்குள் கோயிலுக்கு, செத்தவீட்டுக்கு, கலியாணத்துக்கு, சங்கக்கடைக்கு என்று ஏதாவது ஒரு அலுவல் இல்லாமல் அவள் கரம்பொன் றோட்டில் கால் வைத்ததில்லை. முதல் மூன்று நாளும் ஒழுங்கைச் சந்து முடியுமட்டும் போனாள். "எங்கை வெளிக்கிட்டனீர்?" என்று யாராவது கேட்க, சொல்ல ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தாள். நாலாம் நாள் பனையோலையால் இழைத்த உமல் பையொன்றைக் கையில் எடுத்தாள். கேட்டவர்களுக்கு, "குறிஞ்சா இலை கொஞ்சம் பிடுங்க" என்றாள். அதன்பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

வேலிகளில் குறிஞ்சாவும் முசுட்டையும் படர்ந்து கிடந்தன. ஆடு தின்றது போக மிச்சத்துக்கு யாரும் சொந்தம் பேசியதில்லை. வீட்டில் சோறு குறைந்து குரக்கன் பிட்டு வந்தது, முசுட்டை வறை வந்தது, நாக்கில் கசப்பு நிற்கும் குறிஞ்சாச் சம்பல் வந்தது. அவற்றோடு சிவக்கொழுந்துக்கு வேறொன்றும் வந்து சேர்ந்தது. "இண்டைக்கு அனலைதீவு வள்ளம் பிந்திப்போச்சு" என்பாள், யாரும் கேளாமலே. நாற்பத்தைந்தாம் கம்பம் துறையடியில் நின்றது. அங்கிருந்து பார்த்தால் கடலுக்கு நடுவே கோட்டை தெரியும். அது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தூரத்தில் தெரிகிறது என்று அவள் சொன்னபோது, தந்திக் கம்பங்களை எண்ணி மைற்கல்லோடு ஒப்பிட்டு மைலுக்கு முப்பது என்று கணக்கெடுத்து வைத்திருந்த சறோஜினிதேவிக்கு அதை எப்படிக் குறித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

காலையில் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. கண்ணாடிக் குழாயில் ஒரு தேக்கரண்டி நீல மருந்து, தாயின் சலத்தில், சிறுநீரில், எட்டுத் துளி, கொதிதண்ணீரில் ஐந்து நிமிடம். சீனி இல்லை என்றால் நீலம் நீலமாகவே நிற்கும். கொஞ்சம் என்றால் பச்சை, கூடினால் மஞ்சள், மிகக் கூடினால் செங்கட்டித் தூள் போலச் சிவப்பாய் அடியில் படியும். ஆடியில் செங்கட்டி. ஐப்பசியில் மஞ்சள். தை பிறந்தபோது பச்சை. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீலம்.

நாட்குறிப்பில் பிழை திருத்திய அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, தேங்காய் துருவிக்கொண்டிருந்த தாய் நிமிராமலே சொன்னாள்.

"நேத்து ஆழ்வாப்பிள்ளை அண்ணை படலையடியிலை நிண்டவர். அதோடை திரும்பிட்டன்."

முப்பத்தோராம் கம்பம் ஆழ்வாப்பிள்ளை வீட்டு வாசற்படலைக்கு நேரே நிற்கிறது. சறோஜினிதேவிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் அவர்.

"என்ன கேட்டவர்?"

"'என்ன தங்கச்சி, உம்மடை மனிசன் பரமலிங்கம் கடையைத் திண்டு முடிச்சிட்டானோ, வேலி வேலியாய் மேயிறீர்? எங்கடை ஆட்டுக்கும் கொஞ்சம் விட்டு வையும்' எண்டார். றோட்டிலை போனவையும் நிண்டு சிரிச்சவை."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்ல?" திருவலையில் ஓடு கிறீச்சிட்டது. "சலரோகம், அதுக்கு நடக்கிறன் எண்டு சொல்லுறதோ? தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் எண்டு அண்டைக்கே சம்பந்தத்தை முறிப்பினம். பிடுங்கின இலையை அவற்றை ஆட்டுக்குப் போட்டிட்டு வந்தனான்."

அந்த இடத்தில்தான் சறோஜினிதேவிக்குக் கோபம் வந்தது. உமலோடு நிற்கும் தாயை அவளால் பார்க்க முடிந்தது. ஏழு மாதமாகச் சேர்த்த உண்மையான காரணம் ஒன்று வாய்க்குள் இருக்க, அதை விழுங்கிவிட்டு, வேலி மேய்கிறவள் என்ற பெயரை வாங்கிக்கொண்டு, ஆட்டுக்குக் கைநீட்டி நிற்கும் தாய். அதுவும் யாருக்காக? அவளுக்காக. கேட்காமலே தலையில் ஏற்றிவைக்கப்பட்ட பாரம் போல அந்த 'உனக்காக' அவளை அழுத்தியது.

தகப்பன் பரமலிங்கம் பின்னேரம் விஷயத்தைக் கேட்டார். தெற்கே இருபது வருடம் சுருட்டுக்கடை நடத்தி, தம்பியின் கையில் விட்டுவிட்டு ஊரோடு வந்தவர். மனைவியின் மேல் அன்பில்லாதவர் என்று சொல்ல முடியாது. அவள் தேநீரில் சீனியை விட்ட நாளில் தானும் விட்டவர். ஆனாலும் கதிரையின் கையைத் தடவியபடி, "இஞ்சரும், ஆவணியிலை கலியாணம் முடியுமட்டும் றோட்டு வேண்டாம். வளவுக்குள்ளை நடவும்" என்றார்.

"ஆறு மாசம் இருக்கப்பா" என்றாள் சறோஜினிதேவி.

"ஆறு மாசம்தானே" என்றாள் தாய்.

வீட்டு வளவுக்குள் ஒரு சுற்று நூற்றுப்பத்துக் காலடி. கிணற்றைச் சுற்றி, மாட்டுக்கொட்டிலைச் சுற்றி, வைக்கோற்போரைச் சுற்றிச் சிவக்கொழுந்து நடந்தாள். முதல் நாள் முப்பது சுற்று. மூன்றாம் நாள் பன்னிரண்டு. "தலை சுத்துது பிள்ளை, செக்கு மாடு மாதிரிக் கிடக்கு" என்று ஐந்தாம் நாள் பாயில் படுத்தாள். வள்ளத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. மத்தியானத்தில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். பச்சை, பச்சை, மஞ்சள், மஞ்சள், மஞ்சள் என்று சறோஜினிதேவி எழுதினாள். தன் கையில்தான் பிழையோ என்று துளியைத் திரும்ப எண்ணிக் காய்ச்சினாள். அப்போதும் மஞ்சள். கொப்பியைத் தகப்பனிடம் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழாக வாசித்துவிட்டு, "உதைக் கவனமாய் வை. ஆரும் பாக்கப்போகினம்" என்றார்.

இருபத்துநாலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை குழாயின் அடியில் செங்கட்டித் தூள் படிந்தது. காய்ச்சியதும் கழுவி வைப்பது அவளுடைய ஒழுங்கு. அன்று கழுவவில்லை. அறைத் தட்டில் அப்படியே வைத்தாள்.

பின்னேரம் ஆழ்வாப்பிள்ளை பஞ்சாங்கத்தோடு வந்தார். ஆவணியில் நாள் பார்த்து வைத்திருந்தார். பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்து, வீட்டில் இருவர் தொடாததால் மிஞ்சிக் கிடந்த சீனி அவருக்கு முன்னால் பீங்கான் கிண்ணத்தில் இருந்தது. சறோஜினிதேவி தேநீரை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். மாப்பிள்ளையின் படம் அவளுடைய கொப்பிக்குள் இருந்தது. அநுராதபுரத்தில் கிளார்க். படத்தில் இடது காது சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவள் எங்கும் எழுதி வைக்கவில்லை.

"தங்கச்சியை இப்ப றோட்டிலை காணேல்லை" என்றார் ஆழ்வாப்பிள்ளை, மூன்றாவது கரண்டிச் சீனியைக் கலக்கியபடி. "எங்கடை வேலிக் குறிஞ்சா நல்லாய்த் தழைச்சுப்போச்சு."

பரமலிங்கம் சிரித்தார். "அது ஒரு விசர் அண்ணை. வீட்டிலை வேலை குறைஞ்சால் பொம்பிளையளுக்கு இப்பிடி ஏதாவது பிடிக்கும். நான் சொல்லி நிப்பாட்டிப்போட்டன்."

குசினி வாசலில் நின்ற சிவக்கொழுந்தும் சிரித்தாள். தகப்பனின் சிரிப்பைச் சறோஜினிதேவி பொறுத்திருப்பாள். தாயின் வறண்ட உதடு மெல்ல விரிந்து, இரண்டு பல் தெரிந்து, மூடியதை அவளால் பொறுக்க முடியவில்லை. உள்ளே போனாள். குழாயை ஒரு கண்ணாடிக் கிளாசுக்குள் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவந்து, சீனிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதென்ன பிள்ளை, தோடம்பழச் சாறோ?" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"அம்மான்ரை சலம்."

கோப்பையை நோக்கிப் போன கை நின்றது.

"காலமை காய்ச்சினது. நடந்து திரிஞ்ச நேரம் பச்சையாய் நிண்டது. நீங்கள் படலையடியிலை பகிடி விட்ட பிறகு இப்பிடி. அம்மா இலைக்குப் போகேல்லை. ஆசுபத்திரியிலை சொல்லித்தான் நடந்தவ. இலை பிடுங்கினது, எங்கை போறீர் எண்டு கேக்கிற ஆக்களுக்கு மறுமொழி சொல்ல."

"சறோ, உள்ளை போ" என்றார் பரமலிங்கம்.

அவள் போகவில்லை. ஆழ்வாப்பிள்ளை அவளைப் பார்க்காமல் தகப்பனைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார். "தாய்க்கு மட்டுமோ, தாயின்ரை தாய்க்கும் இருந்ததோ?"

பரமலிங்கம் வாயைத் திறப்பதற்குள் வாசலில் இருந்து குரல் வந்தது. "என்ரை அம்மாவுக்கும் இருந்தது" என்றாள் சிவக்கொழுந்து. "காலிலை புண் வந்துதான் செத்தவ."

ஆழ்வாப்பிள்ளை பஞ்சாங்கத்தைச் சால்வைக்குள் சுற்றினார். தேநீரில் ஆடை படரத் தொடங்கியிருந்தது. "பிறகு பாப்பம்" என்று எழும்பினார். வாறன் என்று சொல்லவில்லை.

படலை சாத்தும் சத்தம் கேட்டபிறகும் பரமலிங்கம் கதிரையை விட்டு அசையவில்லை. "அந்த நீல மருந்துப் போத்திலை யாழ்ப்பாணத்திலை வாங்கி, பேப்பரிலை சுத்தி, பஸ்ஸிலை மடிக்குள்ளை ஒளிச்சு வைச்சுக் கொண்டு வந்தனான்" என்றார். "ஆருக்காக?"

"எனக்காக. தெரியும். அதுதான் கோவம்."

அவர் எழுந்து வெளியே போனார். தாய் தன் பக்கம் நிற்பாள் என்று சறோஜினிதேவி நினைத்திருந்தாள். சிவக்கொழுந்து கிளாசை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், சாம்பல் போட்டுக் குழாயைத் தேய்த்தாள். தேய்க்கிற வேகத்தில் அது உடைந்துவிடும் போல இருந்தது.

"உன்னை ஆர் கேட்டது?"

"அம்மா, நீங்கள் சிரிச்சதை என்னாலை..."

"என்ரை நோய், என்ரை வருத்தம். நான் ஒளிப்பன், நான் சொல்லுவன். என்ரை சலத்தை எடுத்து ஊரான்ரை தேத்தண்ணியோடை வைக்க நீ ஆர்?"

"நீங்களும் சொன்னனீங்கள்தானே. அம்மம்மாவைப் பற்றி."

"நீ அவ்வளவு சொன்னாப் பிறகு நான் நிண்டு பொய் சொல்லுறதோ?" சிவக்கொழுந்து குழாயைக் கவிழ்த்து வைத்தாள். "உவன் படலையடியிலை கேட்ட அண்டைக்கே சொல்லியிருக்கவேணும். ஆட்டுக்குப் போட்டிட்டு வந்தன், விசரி."

சறோஜினிதேவிக்குத் தாய் சொன்னது சரி என்று பட்டது. தான் செய்ததும் சரி என்றே பட்டது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடாமல் நெஞ்சுக்குள் கிடந்தன. கோபமும் ஆறவில்லை. மாப்பிள்ளையின் படத்தை ஒரு உறைக்குள் போட்டு, கேட்டால் கொடுப்பதற்காக மேசையில் வைத்தாள்.

விளக்கு வைக்கிற நேரம் சிவக்கொழுந்து குசினிச் சுவரில் தொங்கிய உமலைக் கழற்றினாள். தலைகீழாகத் தட்டினாள். காய்ந்து சுருண்ட குறிஞ்சா இலை நாலைந்து விழுந்தன. மூலையில் கிடந்த வெங்காயத்தை அள்ளி அள்ளி அதற்குள் போட்டு, வாய்மட்டும் நிரப்பி, இரண்டு கையாலும் தூக்கிக் கூரை வளையில் கட்டினாள்.

"அப்ப நாளைக்கு இலை என்னத்திலை பிடுங்குறது?" என்று சறோஜினிதேவி கேட்டாள்.

"இலை ஆர் பிடுங்கப்போகினம்?"

தாய் செருப்பிரண்டையும் ஒன்றோடொன்று குத்தி மண்ணை உதிர்த்து, முன்வாசலில், றோட்டைப் பார்த்தபடி வைத்தாள். சறோஜினிதேவி கலண்டரைப் பார்த்துவிட்டுக் கொப்பியைத் திறந்தாள்.

24.02.1974, ஞாயிறு. நேற்றைய பிழை: எட்டுத் துளிக்குப் பதில் ஒன்பது துளி விட்டிருக்கலாம். நிச்சயமில்லை. இன்று செய்தது பிழையா என்பதை ஒழுங்கின்படி நாளைதான் எழுத வேண்டும்.

நாளைய வேலை: காலை ஐந்தரைக்கு எழும்ப வேண்டும். அம்மாவோடு வெறுங்கையாக நடக்க வேண்டும். நாற்பத்தைந்து கம்பம்.