வெந்நீர் பட்ட குடல்

சித்திரபுரம் ஜீப் ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் பாண்டித்துரை பேரம் பேச ஆரம்பித்தால், எதிராளி பாதிக்கு இறங்கிய பிறகுதான் வாயை மூடுவான். சிவசங்கரியைக்கூடப் பேசித்தான் கட்டினேன் என்று சொல்லிக்கொள்வான். "நான்தான் பாவம்னு விட்டுக்கொடுத்தேன்" என்பாள் அவள்.

அந்த வாரம் அவளுக்குச் சோதனை. அவள் பாத்திரம் கழுவும் விடுதியின் முதலாளி ஜோஸ், ஞாயிற்றுக்கிழமை காலை விருந்தினருக்கு வீட்டில் செய்த ஆட்டுக்கறி சாசேஜ் கேட்டிருந்தார். நன்றாக வந்தால் சமையலறை அவளுக்கு. வராவிட்டால் கொச்சியிலிருந்து ஆள் வரும்.

"கறிய நீ பாத்துக்க. குடல நான் பாத்துக்கிறேன்" என்றான் பாண்டித்துரை. சனிக்கிழமை காலையில் கறிக்கடை ரிஜோவிடம் அரைமணி நேரம் மல்லுக்கட்டி, துண்டு போடாத முழுநீளக் குடலைப் பாதி விலைக்கு வாங்கி வந்தான். அதோடு நின்றிருக்கலாம். பெண்டாட்டி வேலை விட்டு வருவதற்குள் கழுவியும் வைத்துவிடுவோம் என்று அன்பு பொங்கியது.

மதியம் வந்தவள் சட்டியைப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"மஞ்சள் போட்டு, கொதிக்கக் கொதிக்க வெந்நி ஊத்திக் கழுவிருக்கேன். எங்கம்மாவே இப்படிக் கழுவுனதில்ல."

அவள் ஒரு முனையைத் தூக்கினாள். குடல் பாதியாகச் சுருங்கி, விறைத்துக் கிடந்தது. லேசாக இழுத்தாள்; அறுந்தது.

"குழம்புக்குத்தாங்க வெந்நி. சாசேஜுக்கு இதுதான் உறை. இதுக்குள்ள கறிய அடைச்சா வெடிச்சிரும்."

"எப்படியும் வேகப் போறதுதானே?"

"கறியோட சேந்து வேகணும். பந்திக்கு முன்னாடியே இலைய எடுத்துட்டீங்க."

பிறகு அறுந்த துண்டைச் சட்டியில் போட்டுவிட்டு, வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"திட்டேன், புள்ள."

"திட்டுனா குடல் நீளுமா?"

பாண்டித்துரை ஜீப்பை எடுத்தான். ரிஜோவிடம் ஒரே ஒரு குடல் மிச்சம். ரிஜோ சொன்ன விலையை, மறுபேச்சில்லாமல் நீட்டினான் பாண்டித்துரை. ரிஜோ பணத்தை வாங்காமல் அவன் முகத்தையே பார்த்தான்.

"எந்தா பாண்டி, வீட்டுல யாருக்காச்சும் சொகமில்லையா?"

வீட்டில், இந்த முறை பாண்டித்துரை குழாயைத் திறந்துவிட்டு நின்றான்; அவள் சொன்னபடி மட்டும் செய்தான். பச்சைத் தண்ணீரில் அலசி, உள்ளே வெளியே புரட்டி, கல்லுப்புப் போட்டுத் தேய்த்தார்கள். கரண்டிக் காம்பால் வழுவழுப்பை அவள் மெல்ல வழித்தாள். கடைசியில் ஒரு முனையை முடிந்து, மறுமுனையை அவன் வாயில் கொடுத்தாள்.

"ஊதுங்க. ஓட்டை இருந்தா தெரிஞ்சிரும்."

ஊதினான். குடல் பளபளவென்று நீண்டு உப்பியது. எங்கும் காற்றுப் போகவில்லை.

"உங்க வாய்க்கு இன்னிக்குத்தான் சரியான வேலை கெடச்சிருக்கு" என்று சிரித்தாள். வாயில் குடல் இருந்ததால் அவனால் பதில் சொல்ல முடியவில்லை. ராத்திரிச் சோற்றுக்கு, வெந்நீர் பட்ட குடல் குழம்பாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை, விருந்தினர் தட்டுகள் காலியான பிறகு, ஜோஸ் புருஷன் பெண்டாட்டி இருவரையும் மேஜையில் எதிரே உட்காரவைத்து, நான்காவது சாசேஜைக் கடித்தார். பல் பட்ட இடத்தில் மட்டும் தோல் பட்டென்று விட்டது.

"கொள்ளாம் சங்கரி, ரொம்ப நல்லாருக்கு. குடல் யார் கழுவுனது?"

"இவங்கதான்" என்றாள், கூசாமல்.

"அப்போ திங்கட்கிழமை முதல் கிச்சன் உனக்கு. குடல் கழுவ இவனையும் கூட்டிட்டு வா."

"அதுக்கு எவ்வளவு..." என்று பாண்டித்துரை ஆரம்பித்தான்.

மேஜைக்கடியில் அவன் காலை ஓங்கி மிதித்தாள் சிவசங்கரி.