தேவானை கேட்ட கேள்வி

போன வருஷம் ஜூலை இரண்டாம் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே காலுக்கு, சாந்தோமில் பியாட்ரிஸ் டீச்சர் கரும்பலகையில் எழுதிய ‘ரன்’ என்கிற ஆங்கில வினைச்சொல் இறங்கி ஓடிவிட்டது. கச்சேரி ரோடு வரை அது ஓடியதைப் பூக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து, வீட்டுவேலை முடித்துப் படிக்க வந்த பதினான்கு பெண்களும் அன்றைக்குச் சீக்கிரம் கலைந்தார்கள். அதற்குப் பிறகு பெயர்ச்சொற்கள் மட்டும்தான் சமர்த்தாக எழுதிய இடத்தில் இருந்தன. பெயரடைகள் புடவையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்தன, துவைத்தால் போய்விடும். ‘சிட்’ என்று டீச்சர் எழுதியதும் வகுப்பே தடாலென்று உட்கார்ந்ததால், கட்டளை வாக்கியங்களை அவர் பாதியோடு நிறுத்திக்கொண்டார்.

கேள்வி வாக்கியம்தான் யாருக்கும் எழும்பவில்லை. இருபது வருஷம் பிறத்தியார் அடுப்படியில் எதையும் கேட்காமலே உழைத்த வாய்கள்; கடைசிச் சொல்லில் குரல் தாழ்ந்துவிடும், கேள்வி தொப்பென்று தரையில் விழும்.

“கடைசில குரலை ஏத்தும்மா, தேவானை.”

“வேல செய்ற வூட்ல கொரல ஏத்துனா நாளைக்கு வராதன்னுடுவாங்க டீச்சர்.”

தேவானைக்கோ அது அவசரம். ஆற்றங்கரையை இடிக்கப்போகிறார்கள்; மாற்று வீடு தரும் பட்டியலில், கணவன் பொன்னுரங்கம் செத்ததும் அவன் பெயரை அடித்துவிட, அவள் குடும்பமே விடுபட்டிருந்தது. இடித்தால் அவளும் மகள் கயலும் நடுத்தெருதான். நான்கு முறை அலுவலகம் போய், தமிழிலும் தாழ்ந்த குரலில்தான் கேட்டாள். “லிஸ்ட்ல இல்லம்மா” என்றார் அதிகாரி, தலை நிமிராமல்.

ஐந்தாம் முறை, பாடம் செய்திருந்த “வேர் இஸ் மை நேம்?” என்பதைச் சொன்னாள். கடைசிச் சொல்லில் குரல் தானாக ஏறியது. கேள்வி எழுந்து, கூரை தட்ட நின்றது. தேவானைக்கு மேல் சிலிர்த்துப்போயிற்று. தன் வாயிலிருந்தா இவ்வளவு பெரியது வந்தது என்று வாய்விட்டு அழுதாள். அதிகாரி ஒதுங்கிப் போனார்; கேள்வியும் அவர் கூடவே போயிற்று. மின்சார ரயிலில் அவர் பக்கத்தில் நின்றது, மேற்கு மாம்பலத்தில் அவர் வீட்டு வாசலில் பால்காரருக்கு வழிவிட்டு நின்றது. ஒன்பது நாள் அப்படி. பத்தாம் நாள் அவர் பட்டியலைத் திறந்து, எழுத்துப் பிழையில்லாமல் தேவானை என்று எழுதினார். கேள்வி போய்விட்டது.

மறுநாள் காலை அலுவலக வாசலில் ஆற்றங்கரைப் பெண்கள் முப்பத்தொரு பேர் தொண்டையைச் செருமிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அதிகாரி கூடுதலாக நாற்காலிகள் போடச் சொல்லி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.