இருந்த புள்ளியும் இல்லாத புள்ளியும்

மார்ச் ஒன்பது, திங்கட்கிழமை. இறந்தவர் முகத்தைத் திருத்த எவருக்கும் உரிமையில்லை. அன்று அந்த வீட்டில் இருவர் திருத்தியிருந்தனர்.

கணினியை மூடப்போன தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினாள் அக்கா. திரையில் அப்பா கறுப்பு வெள்ளையில் இருந்தார். அடுத்த அறையில் பெட்டிக்குள்ளும் இருந்தார். மூடியைப் பொருத்தும் ஆட்கள் வாசலில் காத்திருந்தார்கள்.

கைபேசியில் எடுத்த வண்ணப் படம் அது. நிறத்தை நீக்கிவிட்டு, பழைய ஃபிலிம் படங்களில் பொடிமணல் போலத் தெரியுமே, அந்த ‘கிரெயின்’ புள்ளிகளை முகமெங்கும் தூவியிருந்தான் தம்பி. அப்போதுதான் படத்துக்கு உயிர் வரும் என்பது அவன் கட்சி. அதில் அவளுக்கு மனத்தாங்கல் இல்லை. அதற்கு முன்பு அவன் செய்திருந்த காரியம்தான் வயிற்றெரிச்சல். அப்பா வெல்டர். வாழ்நாளெல்லாம் பொறி தெறித்துத் தெறித்து அவர் கன்னங்களில் கருகிப் பதிந்திருந்த புள்ளிகளை, அழுக்கைத் துடைப்பதுபோல் ஒன்றுவிடாமல் அழித்திருந்தான்.

“இருந்த புள்ளிய எடுத்துட்டு இல்லாத புள்ளிய வச்சிருக்கியேடா. இது யாரு, அப்பாவோட மேனேஜரா?”

“பளிச்சுன்னு இருக்கட்டும்னுதான்க்கா செஞ்சேன்.”

பழைய படத்தைக் காட்டச் சொன்னாள். அதன் மேலேயே சேமித்துவிட்டதாகவும் கைபேசியில் இருந்ததை அழித்துவிட்டதாகவும் முனகினான். மற்றப் படங்களில் அப்பா வெல்டிங் முகமூடியோடு நின்றார். இல்லையேல், கூட்டத்தின் கடைசி வரிசையில் யார் தோளுக்கோ பின்னால் நின்றார். உள்ளதும் போயிற்று.

கைபேசியோடு பெட்டியருகே போனாள். அங்கே, உடலை அலங்கரிக்க வந்தவர் தம் பங்குக்குக் கைவரிசையைக் காட்டியிருந்தார். சுவருக்கு வெள்ளையடித்தாற்போல் இரு கன்னங்களிலும் பவுடர். ஆட்கள் உள்ளே வந்து, நேரமாகிறது என்றார்கள். போனவனைப் படமெடுத்து என்ன ஆகப்போகிறது என்று சித்தப்பா இழுத்தார்.

கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து இடக் கன்னத்தைத் துடைத்தாள். தோல் சில்லிட்டிருந்தது. முதலில் ஒரு கரும்புள்ளி. பிறகு காதோரம் இரண்டு மூன்று. பிறகு தாடைவரை பொலபொலவென்று. தம்பி வந்து மேசைவிளக்கைத் தூக்கிப் பிடித்தான். வெளிச்சம் அப்பாவின் முகத்தில் ஆடியது.

பின்னால் மூடியைத் தூக்கும் ஓசை கேட்டது.

அதன் ஒரு முனையைப் பிடித்து நிற்கும் வாசகரே, கீழே வையுங்கள். வலக் கன்னம் இன்னும் துடைக்கப்படவில்லை.